உடன் இருந்தவர்

அப்பாவின் பக்கத்தில் மட்டும் ஒரு விரற்கடை இடம் காலியாக இருந்தது.

மணிமொழி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு சரிவில் இருந்த முதியோர் இல்லத்திலிருந்து தினமும் காலையில் அவளுடைய செல்போனுக்கு வரும் அறிக்கை அது. ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு பக்கம். முந்தின நாள் சாப்பாடு, மாத்திரை, ரத்த அழுத்தம், குளியல் என்று வரிசையாக இறங்கிவந்து, இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை. அதற்கு மேலேயும் கீழேயும் எழுத்துகள் ஒழுங்காக நின்றன. யாரோ உட்கார்ந்திருந்து எழுந்து போன இடம் போல அது மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அந்த அறிக்கையைத் தயாரிக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் ஆபீசில் அவளுக்கு வேலை. முன்பு அதே நாற்காலியில் சுபாஷ் இருந்தான். அவன் திடீரென்று வேலையை விட்டுப் போன பிறகு மலையின் முதியோர் இல்லம் அவள் பொறுப்புக்கு வந்தது. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் பேச்சும் போன அப்பா கொளஞ்சியப்பனைப் பகலில் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாமல் போனபோது, அந்த அறிக்கைகளில் தெரிந்த ஒழுங்கை நம்பித்தான் அவரை அங்கே சேர்த்திருந்தாள்.

மழை பிடித்த ஐப்பசி. கீழே கடையில் அடுக்கியிருந்த உரமூட்டைகளின் காரவாடை ஈரத்தில் ஊறி மாடிப்படி வழியாக ஏறி வந்து அவளுடைய மேசைக்கடியில் தங்கிக் கிடந்தது. மற்ற முதியவர்களின் பக்கங்களைத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது: ‘உடன் இருந்தவர்: கண்ணகி’. கண்ணகி அங்கே நர்ஸ். அப்பாவின் பக்கத்தில் அந்த வரியே இல்லை.

ஏன் இல்லை? கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாரா? யாராவது கை நீட்டிவிட்டார்களா? பேச முடியாத மனிதர். நடந்ததை யாரிடம் போய்ச் சொல்லுவார்?

அறிக்கையின் உள்ளே இறங்கிப் பார்த்தாள். பக்கம் அச்சாகும் நேரத்தில் எந்தக் கட்டத்தைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவுசெய்யும் நாலைந்து வரிகள் அங்கே இருந்தன. அதில் புதுமை ஒன்றும் இல்லை. மாத்திரை சாப்பிடாதவருக்கு மாத்திரைக் கட்டத்தைக் காட்டாதே என்பது போன்ற கட்டளைகளை அவளே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். ஆனால் சுபாஷ் எழுதிவைத்திருந்தது வேறு. உடன் இருந்தவரின் பெயர் ஊழியர்களின் பெயர்களில் ஒன்றாக இல்லையென்றால், அந்தக் கட்டத்தையும் அதன் தலைப்பையும் மறைத்துவிடு. அவ்வளவுதான். மறைத்தால் எழுத்துதான் போகும், அது இருந்த இடம் போகாது. இடத்தையும் சேர்த்துச் சுருக்கச் சொல்ல அவன் மறந்துவிட்டான்.

ஊழியர் அல்லாத ஒருவர் அப்பாவுடன் இரவில் இருக்கிறார். அதை மறைக்க ஒருவன் மெனக்கெட்டிருக்கிறான்.

‘மறை’ என்றிருந்ததைக் ‘காட்டு’ என்று மாற்றிவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தாள்.

உடன் இருந்தவர்: சாலம்மாள்.

முந்தின நாளைப் பார்த்தாள். சாலம்மாள். அதற்கும் முந்தின நாள். சாலம்மாள். பின்னோக்கிப் போகப் போக அப்பாவின் பக்கத்திலிருந்து அந்தப் பெயர் நீங்கி, பாவாடை என்ற பெரியவரின் பக்கத்துக்குப் போனது. பாவாடைக்கு இப்போது பக்கமே இல்லை. அவர் இறந்துபோய் அறிக்கை நின்றுவிட்டது. அவருக்கு முன்னால் வேறொருவர். அவருக்கும் அப்படித்தான். பெயர் ஒரு கட்டிலில் வந்து உட்காரும். அந்தப் பக்கம் முடியும். அடுத்த கட்டிலுக்கு நகரும்.

இல்லத்தின் மேனேஜர் ராஜாங்கத்தைக் கூப்பிட்டாள்.

“சார், சாலம்மாள்னு உங்க கிட்ட யார் வேலை செய்யறாங்க?”

“அப்டி யாரும் இல்லீங்களே மேடம்.” கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. “கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு. அந்த சந்த மூடிவுட்டுடுங்க, போதும்.”

அந்தக் காலி இடத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயரைத்தான் கேட்டாள்.

“நான் அங்க வரேன் சார்.”

“மழைல ரோடு மோசமா கீதுங்க. ரெண்டு நாள் போவட்டும்...”

அவள் போனை வைத்துவிட்டு சுபாஷைத் தேடிப் பிடித்தாள். அவன் இப்போது உளுந்தூர்பேட்டையில், நெடுஞ்சாலையோரம் ஒரு ஓட்டலில் கல்லாவில் இருந்தான். போனில் அவன் குரலுக்குப் பின்னால் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.

“அக்கா, அத காட்ட வெச்சிட்டீங்களா?” என்றான். முகமன்கூடச் சொல்லவில்லை.

“யாருடா அது?”

“அங்க இருந்த கெழவிக்கா. போன வருசம் செத்துப்போச்சு. புள்ளைங்களுக்குப் போன் மேல போன் போட்டாங்க, ஒருத்தனும் வரல. மொத மண்ணு தள்ளவும் ஆளில்ல, வாய்க்கரிசி போடவும் ஆளில்ல. அன்னிக்கு நான் வேலையா அங்கதான் இருந்தேன். குழிகிட்ட கூட வந்தவங்கள்ல ஒருத்தர் கையும் அரிசிச் சட்டிகிட்ட போவல.”

“செத்தவங்க பேர இப்ப யார் ஏத்தறது? நீ ஏன் மறைச்ச?”

ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்து ஓய்ந்தது.

“பேரு தெரிஞ்ச வரைக்கும் ஆளும் தெரிஞ்சுதுக்கா. அதான் மறைச்சேன். நீங்களும் மறைச்சிடுங்க. அங்க மட்டும் போவாதீங்க.”

அவன் வைத்துவிட்டான்.

மணிமொழிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. செத்த கிழவியின் பெயரை வைத்துக்கொண்டு யாரோ அங்கே என்னவோ செய்கிறார்கள். மேனேஜருக்குத் தெரியும், சுபாஷுக்கும் தெரியும். ஒருவன் மிரட்டிப் பார்க்கிறான், இன்னொருவன் மழையைச் சொல்லித் தடுக்கிறான். குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

கச்சிராயப்பாளையம் தாண்டியதும் பஸ் மலையில் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் மூடுபனி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியாகி, கடைசியில் ஜன்னலுக்கு வெளியே மரங்களின் கிளைகள் மட்டும் அறுபட்டவை போல மிதந்தன. வெள்ளிமலையில் இறங்கி ஜீப் பிடித்தாள். ஜீப்காரர் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தவர், இல்லத்தின் பெயரைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டு, காசை வாங்கிய கையோடு வண்டியைத் திருப்பினார்.

“திரும்பிப் போக வண்டி வருமா அண்ணே?”

“காலைலதாங்க.” அவர் கட்டடத்தைப் பார்க்காமலேயே பேசினார். “இப்பவே ஏறிக்கறதுன்னா ஏறிக்குங்க.”

அவள் உள்ளே போனாள்.

நீளமான ஒரே கூடம். சுவரோரம் வரிசையாகக் கட்டில்கள். டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடைக்கு அடியில், பூட்டிவைத்த நெற்குதிரைத் திறக்கையில் எழும்பும் தூசியின் வாடை மெல்லியதாக இருந்தது. ராஜாங்கம் இல்லை. அவள் வருவதாகச் சொன்னதுமே வேலை இருப்பதாகக் கீழே இறங்கிப் போய்விட்டாராம். கண்ணகி மட்டும் இருந்தாள். முப்பது வயதுக்காரி, வெள்ளிமலைப் பெண். வந்தவளை வரவேற்கும்போதும் அவள் கண்கள் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். போன மாதம் பார்த்த மனிதர் இல்லை. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்புக்கு மேல் ஒரு கை தண்ணீர் நிற்கும் அளவுக்குக் குழி. ஆனால் தலை எண்ணெய் வைத்து வாரப்பட்டிருந்தது. நெற்றியில் புதிதாக ஒரு திருநீற்றுக் கீற்று. வாய் ஓரத்தில் என்னவோ ஒட்டியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள்.

அரிசி. வேகாத, வெறும் பச்சரிசி.

“என்னம்மா இது? சோறுகூட வேகவைக்க மாட்டீங்களா?”

“நாங்க ஊட்டனா அவரு வாயத் தொறக்கறதே இல்லீங்க.” கண்ணகி தரையைப் பார்த்தாள். “வவுறு ரொம்பிடுச்சுன்னு கையால காட்றாரு.”

“தினமும் முழுசா சாப்டாருன்னு எனக்கு ரிப்போர்ட் வருதே?”

“அத நான் ஏத்தறதில்லீங்க.”

“பின்ன யாரு ஏத்தறா?”

கண்ணகி போர்வையை இழுத்து அப்பாவின் காலை மூடினாள். மூடும்போதும் கட்டிலின் இந்தப் பக்கத்திலேயே நின்று எட்டி எட்டி மூடினாளே தவிர, சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போகவில்லை. அங்கே ஒரு மர ஸ்டூல் கிடந்தது. அதன் மேல் மட்டும் தூசி இல்லை.

விடிந்ததும் முதல் ஜீப்பில் அப்பாவைக் கூட்டிப் போய்விடுவதென்று மணிமொழி முடிவுசெய்தாள். அதுவரை இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. யார் வருகிறார்கள் என்று பார்த்துவிடலாம். இந்தக் கண்ணகியாகவே இருக்கட்டும், வேறு எவளாகவே இருக்கட்டும்.

வெளிச்சம் மெல்ல வடிந்தது. அந்தி சாய்வதற்கு முன்பே பனி ஜன்னல் கம்பிகளுக்குள் கையை விட்டு உள்ளே வந்து கட்டில் கால்களைச் சுற்றிக்கொண்டது. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும், தூங்குபவர்களின் கரகரத்த மூச்சும், எங்கோ தளர்ந்து கிடந்த கதவு ஒன்று காற்றில் முனகுவதும் ஒன்றோடொன்று கலந்து, கூடமே ஒரே நெஞ்சாக ஏறி இறங்குவது போலிருந்தது. கரண்ட் போனது. கூடத்துக் கோடியில் ஓர் எமர்ஜென்சி விளக்கு மட்டும் நீலமாக எரிந்தது.

அப்பா கண் விழித்தார். மகளை அடையாளம் கண்டுகொண்டு, நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. கோணிய வாயால் எதையோ சொல்ல முயன்றார். காற்றுதான் வந்தது.

“கஞ்சி கொண்டாரேம்பா. ரெண்டு வாய் குடிங்க. காலைல வீட்டுக்குப் போயிடலாம்.”

அவர் பிடியை விடவில்லை. ஒவ்வொரு விரலாக அவள்தான் விலக்க வேண்டியிருந்தது.

சமையலறை பத்தடியில்தான் இருந்தது. கண்ணகி ஊற்றிக் கொடுத்த கஞ்சியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். கூடத்து வாசலிலேயே அவள் கால் நின்றது.

அப்பாவின் கட்டிலருகே ஸ்டூலில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.

முதுகுதான் தெரிந்தது. வெளுத்துப்போன பச்சைப் புடவை. நனைந்த நரைமுடி முதுகில் ஒட்டியிருந்தது. மடியில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் கையை விட்டு அள்ளினாள். அப்பாவின் வாய்க்குக் கொண்டுபோனாள். மூன்று விரலைச் சேர்த்துக் குவித்து, பெருவிரலால் உள்ளே தள்ளினாள். மீண்டும் அள்ளினாள். அவசரமே இல்லை. குழந்தைக்கு ஊட்டுவது போல அவ்வளவு பொறுமை.

நொறுக், நொறுக் என்று அப்பாவின் பற்களுக்கிடையில் அரிசி உடையும் சத்தம் வாசல்வரை கேட்டது.

“யாரும்மா நீங்க?” மணிமொழியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “ஏம்மா, உங்களத்தான்.”

கிழவி அள்ளிக்கொண்டே இருந்தாள். அவளுடைய தோளுக்கு மேலாக அப்பாவின் கண்கள் மகளைப் பார்த்தன. கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஆனால் வாய் மட்டும் ஒவ்வொரு முறையும் திறந்தது.

“கண்ணகி!” என்று கத்தினாள். கண்ணகி ஓடிவந்து அவள் பின்னால் நின்றாள். “அதோ, அது யாரு? யாரு ஏத்தறான்னு கேட்டப்ப வாயத் தொறக்கலியே, அது யாரு?”

கண்ணகி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாருடி!”

“நான் பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் பாக்கறதில்லீங்க.” அவள் ஓரடி பின்வாங்கினாள். “பாத்துட்டாதான்...”

அவள் திரும்பிச் சமையலறைக்குள் ஓடினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கிண்ணத்துக்குள் போன கை நின்றது.

கிழவியின் தலை அசைந்தது. முதுகு அசையவில்லை. கழுத்து மட்டும் மெல்ல, மிக மெல்ல, வாசல் பக்கம் திரும்பத் தொடங்கியது. காது தெரிந்தது. கன்னத்தின் விளிம்பு தெரிந்தது. மோவாயையும் தலையையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி தெரிந்தது.

கஞ்சி கீழே கொட்டியது. மணிமொழி ஓடினாள்.

மேனேஜர் அறையில் கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கீச்சுக் கீச்சென்று எச்சரிக்கை அடித்தது. அதிக நேரம் தாங்காது. கதவைச் சாத்தி நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு அறிக்கையைத் திறந்தாள். விரல்கள் எழுத்துகளைத் தவறவிட்டன. அழித்தாள். மறுபடி அடித்தாள். சுபாஷ் எழுதியிருந்தபடியே. பெயர் ஊழியருடையது இல்லையென்றால், மறை. தலைப்பையும் மறை. சேமித்தாள். அப்பாவின் பக்கத்தைத் திறந்தாள்.

பெயர் இல்லை. ஒரு விரற்கடை வெள்ளை.

திரை அணைந்தது.

இருட்டில் காது கொடுத்துக் கேட்டாள். ஓட்டுத் தண்ணீர். அந்தத் தளர்ந்த கதவு. வேறு ஒன்றும் இல்லை. நெஞ்சு அடங்கும்வரை அப்படியே நின்றாள். தான் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றியது. ஏதோ ஒரு மனநிலை சரியில்லாத கிழவி, பக்கத்து ஊர்க்காரியாக இருக்கும். இவர்கள் உள்ளே விடுகிறார்கள். அப்பாவைத் தனியாக விட்டு ஓடிவந்துவிட்டோமே என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு விரைந்தாள்.

ஸ்டூல் காலியாக இருந்தது.

கிழவி இல்லை. கிண்ணம் இல்லை. நீல வெளிச்சத்தில் கட்டில்கள், போர்வைகள், தூங்கும் முகங்கள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிமொழி கட்டிலின் தலைமாட்டில் மண்டியிட்டு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போயிடுச்சுப்பா. யாரும் இல்ல. நான் இங்கியே இருக்கேன்.”

அப்பாவின் வாய் திறந்தது.

பேசப் போகிறார் என்று நினைத்துக் குனிந்தாள். பேசவில்லை. நாக்கு தாழ்ந்தது. கீழுதட்டை ஏதோ அழுத்தியது. உதட்டுச் சதை வெளுத்துப் பள்ளமாகியது. பெருவிரல் அகலத்துக்கு. கன்னம் உப்பியது. வாய் மூடியது.

நொறுக்.

தொண்டை ஏறி இறங்கியது.

மறுபடி திறந்தது. மறுபடி அந்தப் பள்ளம். காற்றிலிருந்து ஓர் அரிசி மணி அவர் மோவாயில் உதிர்ந்து, உருண்டு, மணிமொழியின் கைமேல் விழுந்தது. ஈரமாக இருந்தது. ஜில்லென்று இருந்தது.

“வேணாம்...” என்றாள். யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியவில்லை. ஸ்டூலைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வெற்றிடத்தைப் பார்த்தாள். “போதும். வுட்டுடும்மா. அவர வுட்டுடு.”

ஸ்டூல் கிரீச்சிட்டது. பாரம் நீங்கும்போது மரம் போடும் சத்தம்.

அப்பாவின் வாய் மூடிக்கொண்டது. அதன்பின் திறக்கவில்லை. அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பல நாளைக்குப் பிறகு வந்த மூச்சு போல. கண்கள் மட்டும் நகரத் தொடங்கின. ஸ்டூலிலிருந்து கால்மாட்டுக்கு. கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம். எதையோ தொடர்ந்து வந்தன. மெதுவாக. மிக மெதுவாக.

வாசலிலிருந்து கட்டிலடிவரை வழிந்திருந்த கஞ்சியில் ஒரு பாதம் பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

அப்பாவின் கண்கள் மகளின் தோளுக்கு மேலே வந்து நின்றன. அவருடைய நல்ல கை அவள் கையைத் தள்ளியது. போ, போ என்பதுபோல. அவளால் எழ முடியவில்லை. ஈரத் துணியின் வாடை. மண். கற்பூரம்.

கிண்ணத்தில் அரிசி அளையும் சத்தம் காதோரம் கேட்டது.

கத்த நினைத்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

ஈரமான ஒரு பெருவிரல் அவளுடைய கீழுதட்டின் மேல் வந்து படிந்தது. அன்பாக. பொறுமையாக.

அழுத்தியது.

அவள் வாய் திறந்தது.